19 மி.மீ.யிலிருந்து 22 மி.மீ.: கோவைப் பட்டறை ஒன்றில் ஸ்வே பார் செய்த அனுபவம்

காருக்குத் தடித்த ஸ்வே பார் (வளைவில் கார் அதிகம் சாயாமல் தடுக்கும் முறுக்குக் கம்பி) செய்து விற்க முயன்ற ஒரு சிறு பட்டறையின் கதை இது. நான் அதில் அளவெடுத்துக் கொடுத்தவன். முதல் பதினொரு செட்டில் என்ன நடந்தது, எங்கே தவறினோம், எதைத் திருத்தினோம் என்பதைச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ வண்டியின் பெயரோ இதில் இல்லை. பட்டறை உரிமையாளரை அண்ணன் என்றும், வடிவமைத்த பொறியாளரைத் தம்பி என்றும் குறிப்பிடுகிறேன். பட்டறையில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

பின்னணி

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் உள்ள பட்டறை. மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு ஹைட்ராலிக் பிரஸ். பம்ப்செட் ஷாஃப்ட்தான் பிரதான வேலை. ஆர்டர் குறைந்த ஒரு வருடத்தில், வேறு ஏதாவது பொருளைச் சொந்தமாகச் செய்து விற்கலாம் என்ற யோசனை அண்ணனுக்கு வந்தது.

தம்பி வார இறுதிகளில் ஆட்டோகிராஸ் என்கிற கார்ப் பந்தயம் ஓட்டுபவர். கோவையில் இது ஆச்சரியமில்லை. எஸ். கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிற ஊர். தம்பியிடம் இருந்தது தெருவுக்கு நான்கு நிற்கும் ரக ஹேட்ச்பேக். முன்னால் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு; கூடவே 19 மி.மீ. ஸ்வே பார். பின்னால் ட்விஸ்ட் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைத்துக்கொண்டு, முறுக்கினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் உத்தரம். பின்னால் தனியாக பார் கிடையாது. மலைப்பாதையில் வண்டி சாய்கிறது, வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளியே போகிறது என்பது தம்பியின் குறை. அதே வண்டி வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கும் அதே குறை இருந்தது. ஆழியாரிலிருந்து வால்பாறை போகிற 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு முறை ஏறி இறங்கினால் யாருக்கும் அது புரிந்துவிடும்.

முன்பக்கம் தடித்த பார், பின்பக்கம் புதிதாக ஒரு பார். இரண்டும் சேர்ந்து ஒரு செட். இதுதான் திட்டம்.

ஸ்வே பாரை நம் மெக்கானிக்குகள் ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள். இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். இதை இங்கேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. எங்களுக்குப் பின்னால் வந்த தலைவலிகளில் பாதி இதிலிருந்துதான் வந்தது.

முதல் அளவீடு: போன் ஏமாற்றியது

எதையும் மாற்றும் முன் இருப்பதை அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மூடிக் கிடந்த ஒரு மில்லின் கான்கிரீட் முற்றத்தில் 15 மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். வட்டத்தில் வண்டி எவ்வளவு வேகமாகச் சுற்ற முடிகிறது, அப்போது எவ்வளவு சாய்கிறது என்ற இரண்டையும் பார்ப்பது நோக்கம்.

சாய்வை அளக்க முதலில் போனில் உள்ள ரசமட்டம் ஆப்பை டேஷ்போர்டில் ஒட்டினோம். 38 டிகிரி என்று காட்டியது. வண்டி அவ்வளவு சாய்ந்திருந்தால் கூரை தரையைத் தொடப் பார்த்திருக்கும்! விஷயம் எளிது. வளைவில் போகும்போது பக்கவாட்டு விசையும் புவியீர்ப்போடு சேர்ந்துகொள்கிறது. எது கீழ் என்பது போனுக்குத் தெரியாது. தளும்பும் டம்ளர் தண்ணீர் வண்டியின் சாய்வைக் காட்டாது, அதே கதைதான். ஒரு நாள் வீண்.

அப்புறம் முற்றத்தின் கோடியில் ஸ்டாண்டு போட்டு கேமராவை வைத்தோம். பின் பம்பரில் நேர்கோடாக வெள்ளை டேப் ஒட்டினோம். வண்டி முதுகு காட்டிப் போகும் நொடியின் படத்தை நிறுத்தி, டேப்புக்கும் தரைக்கும் உள்ள கோணத்தை அளந்தோம். கம்பெனி சஸ்பென்ஷனோடு ஒரு சுற்றுக்கு 9.4 வினாடி. கணக்குப் போட்டால் பக்கவாட்டு விசை சுமார் 0.68 ஜி, அதாவது புவியீர்ப்பில் 0.68 பங்கு. சாய்வு 4.2 டிகிரி. இந்த மூன்று எண்களும்தான் எங்களுக்கு அடிப்படை.

பாரைச் செய்தது

முன் பாரை 22 மி.மீ. ஆக்குவது என்று தம்பி சொன்னபோது, "மூணு மி.மீ. தானே தம்பி, அதுல என்ன வந்துடப் போகுது?" என்றார் அண்ணன். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 19 மி.மீ. 22 ஆனால் விறைப்பு 80 சதவீதம் கூடிவிடும். கால்குலேட்டரில் போட்டுக் காட்டியபின் அண்ணன் அமைதியானார்.

அடுத்த விவாதம் இரும்பைப் பற்றியது. பட்டறையில் ஷாஃப்ட்டுக்கு வாங்கிய இஎன்-8 என்கிற நடுத்தரக் கார்பன் ஸ்டீல் கம்பி கையிருப்பில் இருந்தது. "தண்ணி மோட்டாருக்கே வருசக்கணக்கா தாங்குதுங்க தம்பி, காருக்குத் தாங்காதா?" என்று அண்ணன் கேட்டதில் தப்பில்லை. சரி, வடிவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவாவது ஆகும் என்று அதிலேயே முதல் பாரை வளைத்தோம். ஜிக்கில், அதாவது பாரை அசையாமல் பிடித்துவைக்கும் சட்டத்தில், பூட்டி, இரு முனைகளையும் எதிரெதிராக 30 மி.மீ. முறுக்கி விட்டால், அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 7 மி.மீ. கோணலாகவே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் பலருக்கும் இருக்கிற ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் ஸ்டீல் போட்டால் பார் விறைப்பாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. எந்த ஸ்டீலாக இருந்தாலும், கடினப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும், விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பது விட்டமும் நீளமும், பாரின் முனையில் மடங்கிநிற்கும் கையின் அளவும். ஸ்டீலின் ரகமும் ஹீட் ட்ரீட்மென்ட்டும் தீர்மானிப்பது வேறொன்றை: எவ்வளவு முறுக்கினால் கோணாமல் திரும்பும், எத்தனை லட்சம் முறை முறுக்கினால் உடையாமல் நிற்கும் என்பதை. அதோடு, அதே அளவு முறுக்கில் தடித்த கம்பியின் மேற்பரப்பில் விழும் தகைவு (ஸ்ட்ரெஸ்) மெல்லிய கம்பியைவிட அதிகம். ஆக, தடிமன் கூட்டினால் நல்ல ஸ்டீல் இன்னும் கட்டாயமாகிறது. தடிச்சா தாங்கும் என்ற பட்டறை அறிவு இங்கே தலைகீழ்.

இஎன்-47 என்கிற குரோம் வனேடியம் ஸ்பிரிங் ஸ்டீலுக்கு மாறினோம். சூடாக வளைத்து, எண்ணெயில் குளிர்வித்து, டெம்பர் செய்ய (நொறுங்காமல் இருக்க மிதமாக மறுபடி சூடாக்க) வெளியே கொடுத்தோம். திரும்பி வந்த முதல் மூன்றும் கோணி வந்தன. ஒன்றில் இரு முனைகளுக்கும் 12 மி.மீ. வித்தியாசம். பிரஸ்ஸில் வைத்து நேராக்குவதும், பிறகு மேற்பரப்பைச் சிறு குண்டுகளால் அடித்து உறுதியாக்கும் ஷாட் பீனிங் செய்வதும் வழக்கமான வேலையின் பகுதியே என்று அந்த ஹீட் ட்ரீட்மென்ட்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். பளபளவென்று இருக்கட்டும் என்று அண்ணன் மின்முலாம் பூசப் பார்த்தார். கடினமாக்கிய ஸ்டீலில் முலாம் தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் புகுந்து, பின்னால் திடீரென உடைய வாய்ப்புண்டு. அதனால் பவுடர் கோட்டிங்கோடு நிறுத்தினோம்.

ஜிக்கில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் 40 கிலோ தொங்கவிட்டோம். கம்பெனி பார் 17.5 மி.மீ. இறங்கியது. எங்களுடையது 10. ஏட்டுக்கணக்கு இன்னும் குறைவாகவே இறங்கும் என்றது. கையின் வளைவும், பாரைச் சுற்றிப் பிடிக்கும் மெத்தை வளையமான புஷ்ஷின் நசிவும் கொஞ்சம் தின்றுவிடுகின்றன.

காய்ந்த தரையில் எல்லாம் அழகு

பின் பார், பீமின் இரண்டு கைகளையும் கவ்விப் பிடிக்கிற அமைப்பு. பீமில் துளை போடுவதில்லை, வெல்டு வைப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். முறுக்கிக்கொண்டே இருக்கிற உறுப்பில் புது வெல்டு வைத்தால் விரிசல் அங்கேயே தொடங்கும். இந்த முழுக் கதையிலும் நாங்கள் முதல் தடவையே சரியாகச் செய்த சில விஷயங்களில் இது ஒன்று. பாரின் முனைத் தட்டில் இரண்டு துளைகள் வைத்தார் தம்பி. ஒன்றில் போட்டால் மிதம், மற்றதில் போட்டால் விறைப்பு.

மறுபடி மில் முற்றம். முன்னால் 22 மி.மீ., பின்னால் விறைப்புத் துளை. சாய்வு 3.1 டிகிரியாகக் குறைந்தது. சுற்று நேரம் 9.1 வினாடி. தம்பி இறங்கிவந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூக்கு வெளியே போவது நின்று, ஸ்டீயரிங்கைத் திருப்பிய இடத்துக்கு வண்டி போனது. அடுத்த மாத ஆட்டோகிராஸில் அவர் வகுப்பில் இரண்டாவதாக வந்தார்.

இந்த முன்னேற்றம் எங்கிருந்து வந்தது என்பதை நான் அப்போதே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். வளைவில் உள் சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. அந்த மொத்தத்தை முடிவு செய்வது வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரமும் சக்கரங்களின் இடைவெளியும்தான். பார் போட்டால் அது குறைந்துவிடுவதில்லை. முன் அச்சு எவ்வளவு சுமப்பது, பின் அச்சு எவ்வளவு சுமப்பது என்று பார் பங்கு பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவே. டயரின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை. அதனால் எந்த அச்சு அதிகப் பங்கை ஏற்கிறதோ அதன் மொத்தப் பிடிப்பு குறையும். முன் டயருக்குக் கிடைத்த நிம்மதி பின் டயரிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தது.

வாங்க வந்தவர்களில் சிலர், கூடவே வண்டியை 40 மி.மீ. இறக்கித் தரவும் கேட்டார்கள். மறுத்தோம். மேக்ஃபெர்சன் அமைப்பில் வண்டியை அதிகம் இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாயும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருள் மையம், ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். தாழ்ந்து நிற்கிற வண்டி, சாயவைக்கும் நெம்பு நீண்டுபோய் முன்னைவிடச் சாயவும் கூடும். அது போக, நம் ஊர் வேகத்தடைகள் இருக்கின்றன. இந்திய சாலைப் பேராயத்தின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம். எங்கள் பட்டறைத் தெருமுனையில் இருப்பது அதில் கால்வாசி அகலம்கூட இல்லை.

பதினொரு செட் போனது

பதினொரு பேர் வாங்கினார்கள். நான்கு செட்டைப் பட்டறையிலேயே மாட்டினோம். மற்றதை அவரவர் மெக்கானிக் மாட்டிக்கொண்டார். மாட்டும் முறையைப் போனில் சொன்னோம். எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

இரண்டு வாரத்தில் முதல் புகார். குழியில் இறங்கினால் இடுப்பு வலிக்கிறது என்றார் ஒருவர். இது எதிர்பார்த்ததுதான். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது, பார் மறு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும். வேகத்தடையில் இரண்டும் ஒன்றாக ஏறுவதால் பாருக்கு வேலையில்லை என்று தம்பி எல்லோரிடமும் உறுதியாகச் சொல்லியிருந்தார். புத்தகப்படி சரி. ஆனால் நம்மவர்கள் அடி தட்டாமல் இருக்க வேகத்தடையைக் குறுக்காகத்தான் ஏறுகிறார்கள். ஒவ்வொரு சக்கரமாக ஏறுகிறது, ஒவ்வொரு தடவையும் பார் முறுக்கிக்கொள்கிறது. இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம் என்பது இன்னும் வேடிக்கை.

அதே வண்டியைப் பார்த்தபோது இன்னொரு காரணமும் தெரிந்தது. பாலியூரித்தேன் புஷ்ஷின் துளை 22 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. கிளாம்ப்பை இறுக்கினால் பாரைக் கவ்விக்கொண்டது. சும்மா சுழல வேண்டிய பார் சுழலவில்லை. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போதும் எதிர்த்தது. அன்றிலிருந்து ஒரு விதி: பாரின் முனைகளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடுகளைக் கழற்றிவிட்டு, கிளாம்ப்பை முழுதாக இறுக்கிய பின், பாரின் கையைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே அது கீழே விழ வேண்டும். விழாவிட்டால் புஷ்ஷை மறுபடி கடைய வேண்டும்.

மூன்றாம் மாதம் ஒரு வண்டி டக் டக் என்ற சத்தத்தோடு வந்தது. சுமார் 6,000 கி.மீ. ஓடியிருந்தது. லிங்க் ராடின் பால் ஜாயின்ட் ஆடியது. அது கம்பெனி லிங்க். 19 மி.மீ. பாருக்காகச் செய்தது, கூடுதல் விசையில் தேய்ந்திருக்கிறது. மாற்றிவிட்டு அனுப்பியிருப்போம். கிளாம்ப்பின் அடியில் சிவப்பாக ஒரு துருக்கோடு இருப்பதை அண்ணன்தான் பார்த்தார். "இந்தக் கோடு நேராப் போகுதே" என்று துணியால் துடைத்து, விரிசலைக் காட்டும் சாயமான டை பெனிட்ரன்ட் அடித்தார். விரிசல். பாரை வண்டியோடு பிடித்துவைக்கும் பிராக்கெட்டின் மடிப்பு உள்மூலையில் 15 மி.மீ. நீளத்துக்கு ஓடியிருந்தது.

அந்த பிராக்கெட் எங்களுடையது. 4 மி.மீ. தகட்டை லேசரில் வெட்டி மடித்தது. மடிப்பின் உள்பக்கம் கூராக இருந்தது, ஆரமே இல்லை. பாரைப் பற்றி மூன்று மாதம் யோசித்தவர்கள் பிராக்கெட்டை ஒரு மத்தியானத்தில் வரைந்து முடித்திருந்தோம். விறைப்பு கூடினால், அந்த விசை பார் பிடித்துநிற்கும் இடம் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போயாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பிராக்கெட்டை யாரும் சோதிக்கவில்லை.

மற்ற பத்துப் பேரையும் கூப்பிட்டுப் பார்ப்பதா, வருகிறவர்களுக்கு மட்டும் மாற்றிக்கொடுப்பதா என்று ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வாரத்துக்காக நான் இப்போதும் வருத்தப்படுகிறேன். முடிவெடுக்கும் முன்பே இன்னொன்று நடந்தது.

ஜூலை மழையில் ஒரு சுழற்சி

வாங்கியவர்களில் ஒருவர், முப்பது வயதுக்காரர், வால்பாறையிலிருந்து குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார். நல்ல மழை. ஒரு வலது வளைவில் எதிரே பேருந்து வந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டியின் வால் வெளியே வந்து, முக்கால் சுற்று சுழன்று, பக்கச் சுவரில் பம்பர் உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. பேருந்து ஓட்டுநர் நிதானமாக வந்ததால் தப்பித்தார்கள். "நான் வேகமாப் போகலைங்க, நாப்பதுதான் இருக்கும்" என்றார். நான் நம்பினேன்.

வண்டியைப் பார்த்தோம். பின் பார் விறைப்புத் துளையில் இருந்தது. ஆட்டோகிராஸில் தம்பி அப்படி ஓட்டுவதைப் பார்த்து இவரும் மாற்றியிருக்கிறார். பின் டயர்கள் இரண்டும் தேய்ந்தவை. புது டயர் வாங்கியபோது அவற்றை முன்னால் போட்டு, பழசைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். டயர் கடைகளில் இது சகஜம், ஆனால் நல்ல டயர் பின்னால்தான் இருக்க வேண்டும். வண்டி வழுக்கினால் தானே பிரேக் போட்டு நேராக்கும் மின்னணு நிலைப்படுத்தி இந்த வண்டியில் கிடையாது. ஈரம், கால் எடுத்ததால் முன்னால் போன எடை, தேய்ந்த பின் டயர், அதன் மேல் எங்கள் பார். எல்லாம் ஒரே வளைவில் சேர்ந்தன.

டயர் தேய்ந்திருந்தது அவர் தப்பு என்று தம்பி முதலில் வாதாடினார். அண்ணன் சொன்னது இது: "ஊர்ல பாதி வண்டி தேஞ்ச டயர்லதான் ஓடுது. அது தெரிஞ்சுதானே தம்பி நாம விக்கறோம்?" அன்று மாலையே விற்பனையை நிறுத்தினோம். பதினொரு பேருக்கும் போன் செய்து, வரும்வரை பின் பாரைக் கழற்றிவிடச் சொன்னோம். பின் பாரை மட்டும் கழற்றினால், தடித்த முன் பாரால் மூக்கு முன்னைவிட அதிகம் வெளியே போகும். சாதாரண ஓட்டுநருக்கு வால் போவதைவிட அது சமாளிக்கக் கூடியது. காலை எடுத்தால் தானாக அடங்கும். அதையும் விளக்கிச் சொன்னோம்.

செய்திருக்க வேண்டிய சோதனைகள்

ஒரு லாரித் தண்ணீர் வாங்கி மில் முற்றத்தில் ஊற்றினோம். அதே வட்டம், நாலு டயரும் புதிது, நடுவில் சட்டென்று கால் எடுப்பது. கம்பெனி அமைப்பில் மூக்கு லேசாக உள்ளே வந்தது, அவ்வளவுதான். மிதத் துளையில் வால் அசைந்து அடங்கியது. விறைப்புத் துளையில் 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி பாதி சுற்று திரும்பி நின்றது. ஆறு முறையில் ஐந்து முறை. தண்ணீருக்கும் டீசலுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு பாரின் விலைகூட இல்லை.

கூடவே கூம்பு வைத்து, தடம் மாறித் திரும்பும் சோதனையும் செய்தோம். 1997-ல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை செய்த கடமான் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அத்தனை பெரிய நிறுவனமே விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, மின்னணு நிலைப்படுத்தியை எல்லா ஏ-கிளாஸிலும் சேர்க்க வேண்டிவந்தது. நாங்கள் காய்ந்த தரையில் வட்டம் சுற்றிவிட்டு விற்கக் கிளம்பியிருந்தோம்.

பிராக்கெட்டுக்கு அண்ணன் ஒரு பழைய மோட்டாரும் கியர்பாக்ஸும் வைத்து எக்சென்ட்ரிக், அதாவது மையம் விலகிச் சுழலும் சக்கரம், பூட்டினார். நிமிடத்துக்கு 60 முறை பாரை முறுக்கும். 28 மணி நேரம் ஓடினால் ஒரு லட்சம் முறை. பழைய பிராக்கெட் 38,000 முறையில் விரிசல் விட்டது, அதே மூலையில். உள்மடிப்புக்கு 6 மி.மீ. ஆரமும் பக்கத்தில் ஒரு தாங்கு தகடும் வைத்தது 3 லட்சத்தைத் தாண்டியும் நின்றது. அதற்கு மேல் பக்கத்துப் பட்டறைக்காரர் இரவில் தூக்கம் போகிறது என்று சண்டைக்கு வந்ததால் நிறுத்தினோம்.

இரண்டாவது வடிவம்

முன் பார் 21 மி.மீ. ஆனது. 22-ஐவிட ஒரு மி.மீ. குறைவு என்றாலும் கம்பெனி பாரைவிட 49 சதவீதம் விறைப்பு. பின் பாரில் ஒரே துளை, மிதம் மட்டும். தம்பி இதற்கு ஒப்புக்கொள்ளவே பத்து நாள் ஆனது. விவரம் தெரிந்தவர்கள் இரண்டு துளை கேட்பார்கள் என்றார். விவரம் தெரிந்தவர்கள் பந்தயத்துக்குத் தனியாக வாங்கிக்கொள்ளட்டும் என்று முடித்தோம். லிங்க் ராடுகளை நாங்களே தடித்த ஸ்டட்டோடு தருகிறோம். பட்டறையில் மாட்டினால்தான் விற்பனை. டயரைப் பார்க்காமல் மாட்டுவதில்லை.

வட்டத்தில் இப்போது சாய்வு 3.4 டிகிரி, சுற்று 9.2 வினாடி. முதல் வடிவத்தைவிடக் கொஞ்சம் குறைந்த முன்னேற்றம். ஈரத்தில் சட்டென்று காலை எடுத்தாலும் வண்டி சுழல்வதில்லை.

பதினொரு பேரில் ஒன்பது பேர் இலவசமாக மாற்றிக்கொண்டார்கள். இருவர் கம்பெனி பாரையே போட்டுவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் மழையில் சுழன்றவர். பம்பர் செலவையும் அண்ணன் கொடுத்தார். ஒன்பது வண்டிகளில் மேலும் இரண்டின் பிராக்கெட்டில் விரிசல் தொடங்கியிருந்தது.

சட்டம் பற்றிய கேள்வி நடுவில் வந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாரின் விட்டம் அந்தச் சான்றிதழில் இல்லையே என்று ஒருவர் வாதாடினார். இருக்கட்டும். விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் அடியில் படுத்துப் பார்க்கும்போது அந்த வாதம் எவ்வளவு நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இப்போது காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி சொல்லி, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்கிறோம். நகல் கேட்டதும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

மறுபடி செய்தால்

ஈரத் தரைச் சோதனையை முதல் வாரத்தில் வைப்பேன், காய்ந்த தரைக்கு முன்பே. பந்தயக்காரரைத் தவிர, மலைப்பாதையில் சாதாரணமாக ஓட்டும் ஒருவரையும் ஸ்டீயரிங்கில் உட்கார வைப்பேன். தம்பி வால் நழுவினால் கை தானாகத் திருத்திக்கொள்கிறவர். அவருக்கு இனிமையாக இருந்தது மற்றவருக்கு எப்படி இருக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை, அது அவர் குற்றமுமில்லை. பாருக்கு முன் பிராக்கெட்டை வரைவேன். விரிசலைக் கண்ட அன்றே எல்லோருக்கும் போன் போடுவேன்.

புஷ்ஷின் கீச் சத்தம் மட்டும் இன்னும் தீரவில்லை. மழைக்குப் பின் நான்கு நாள் வெயில் அடித்தால், கிரீஸ் காய்ந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் எலி மாதிரி கத்துகிறது. உள்ளே வரி வெட்டி, கிரீஸ் நிப்பிள் வைத்த புஷ் ஒன்றை அண்ணன் இப்போது லேத்தில் கடைந்துகொண்டிருக்கிறார். முதல் ஜோடி என் வண்டிக்கு.